உருண்டைக் கரியடுப்பும் மூன்று வான்கோழிகளும்

அவசரமாக வாங்கப் போகிறவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பு, 22 இன்ச் விட்டம். இதில் முழு வான்கோழி சுடலாம், நன்றாகவே வரும். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்பதையும், முதல் வருடம் பதினோரு பேரை இரவு ஒன்பது மணி வரை பட்டினி போட்ட கதையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மிஷிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே. நவம்பரின் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அமெரிக்கர்கள் வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து வைக்கும் நன்றித் திருநாள். ஊர் அடங்கிக் கிடக்கும், தெருவில் நாய்கூட நடக்காது, எல்லார் வீட்டிலும் அடுப்பு எரியும். எங்கள் வீட்டில் வருடா வருடம் நாலு தமிழ்க் குடும்பமும், பக்கத்து வீட்டு வயதான அமெரிக்கத் தம்பதியும் சாப்பிட வருவார்கள். பிரச்சினை என்னவென்றால் சமையலறையில் 'அவன்' (oven) அடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. வான்கோழி அதற்குள் போய் நாலு மணி நேரம் குடியிருந்தால் பூசணி பை (pie) பலகாரத்தை எப்போது வைப்பது, உருளைக்கிழங்கை எப்போது வைப்பது? கறியைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளிவிட்டால் என்ன என்று தோன்றியதுதான் ஆரம்பம். புகை வாசனை, அமெரிக்கப் பண்பாடு என்பதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்ட காரணங்கள்.

என் அடுப்பு எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இந்த வடிவத்தை இப்போது பல பேர் செய்கிறார்கள், நான் சொல்லும் நல்லது கெட்டது எல்லாம் வடிவத்துக்கே பொருந்தும். வடிவம் மட்டும் யாருடையது என்று சொல்லலாம். சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற பட்டறையில் கடலில் மிதக்கவிடும் மிதவைகளுக்கான இரும்பு அரைக்கோளங்கள் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவருக்குத் திறந்த அடுப்பில் கறி சுடும்போது காற்றடித்துத் தீ அலைபாய்வது பெரிய எரிச்சல். 1952ல் அரைக்கோளம் ஒன்றை அடியாகவும் இன்னொன்றை மூடியாகவும் வைத்து, கால் மாட்டி, காற்றுக்குத் துளை போட்டார். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதில் பெரிதாக மாற்ற எதுவும் இல்லை. கீழே காற்று வர ஒரு வழி, மேலே போக ஒரு வழி, நடுவில் கரி. கிராமத்தில் கோட்டை அடுப்பு பார்த்தவர்களுக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

2023, முதல் வருடம். செப்டம்பரில் கோடைச் சாமான்களைத் தள்ளுபடியில் தள்ளியபோது நூற்றைம்பது டாலருக்கும் குறைவாக வாங்கினேன். வான்கோழியையும் அதே மிதப்பில் வாங்கினேன்: 18 பவுண்டு, கல்லாக உறைந்தது, கைக்குழந்தையைவிட கனம். திங்கள் இரவு ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். வியாழன் காலை தொட்டுப் பார்த்தால் தோல் மட்டும் இளகியிருக்கிறது, உள்ளே கையை விட்டால் பனிக்கட்டி. ஃபிரிட்ஜில் இளக நாலைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் கணக்கு. 18 பவுண்டுக்கு நாலு நாளுக்கு மேல் ஆகும். இதை அன்று காலை ஆறரை மணிக்குத்தான் படித்தேன்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. பையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்து அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். பவுண்டுக்கு அரை மணி நேரம். சமையலறைத் தொட்டியில் அது அடங்கவில்லை. வீட்டுக்காரர் துணி துவைக்கிற பெரிய வாளியைக் கொண்டுவந்து, போனில் அலாரம் வைத்து, நாலு மணி நேரம் தண்ணீர் மாற்றினார். அந்த நாலு மணி நேரத்தில் அவர் என்னிடம் பேசிய மொத்த வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுடுதண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஆகாதா என்று நடுவில் கேட்டார். கூடாது. உள்ளே இளகுவதற்குள் வெளிக்கறியில் கிருமி பெருகிவிடும்.

அடுத்து அடுப்பு. தட்டில் கம்பி மேடை வைத்து அதன்மேல் வான்கோழியை ஏற்றினேன். மூடியைப் போட்டால் மூடவில்லை. மார்பெலும்பு மூடியில் இடித்து, ஒரு பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தே நின்றது. மேடையை எடுத்தேன், ஒருவழியாக மூடியது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சூடு இறங்குகிறது. கரி போட்டேன். இன்னும் இறங்கியது. மறுபடி போட்டேன். ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது, விருந்தாளிகள் கோட்டைக் கழற்றுகிறார்கள், நான் கொல்லையில் செல்போன் விளக்கில் கரியை ஊதிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் வான்கோழியைக் கண்டந்துண்டமாக வெட்டி அவனில் வைத்தோம். வெட்டும்போதுதான் கழுத்துப் பக்கக் குழியில், கடையில் உள்ளே திணித்து விற்கும் ஈரல் பொட்டலம் காகிதத்தோடு வெந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். சாப்பிட்டது எட்டே முக்காலுக்கு. அதுவரை காப்பாற்றியது தோழி ஒருத்தி எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்த சாம்பார் சாதம்.

அடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நல்லவேளையாகப் பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தோம்.

2024ல் அத்தை விருதுநகரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார்கள். அந்த முறை 13 பவுண்டு வான்கோழி. இந்த அளவு அடுப்புக்கு 12லிருந்து 14தான் சரி, 16க்கு மேல் போனால் மூடி இடிக்கும். பதினைந்து பேருக்கு மேல் வந்தால் பெரிய வான்கோழி வாங்காதீர்கள். 13 பவுண்டில் ஒன்று வாங்கி, கூடவே மார்புத் துண்டு மட்டும் தனியாக வாங்கி அவனில் வையுங்கள்.

அத்தைக்கும் எனக்கும் முதல் சண்டை கழுவுவதில். கோழிக்கறி என்றால் மஞ்சள்தூள் போட்டு நாலு தண்ணீர் அலசாமல் அவர்களுக்கு ஒப்பாது. அமெரிக்க விவசாயத் துறை கழுவவே வேண்டாம் என்கிறது. குழாய்த் தண்ணீர் பட்டுத் தெறிக்கும் இடமெல்லாம் கிருமி பரவும், கறியில் இருப்பது சூட்டில் தானாகச் செத்துவிடும் என்பது அந்தத் துறையின் வாதம். நான் காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, அத்தை மனசுக்காக மஞ்சள்தூளை நெய்யில் குழைத்துத் தடவினேன். "ஏதோ பண்ணு" என்றார்கள்.

உப்புதான் இந்த வேலையில் பாதி. செவ்வாய் ராத்திரியே வான்கோழியை வெளியே எடுத்து, ஐந்து பவுண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் கோஷர் உப்பை, அதாவது பரல் உப்பை, தடவி, கொஞ்சத்தைத் தோலுக்கு அடியில் கையை விட்டு மார்புக்கறி மேலேயே பூசி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். பொடி உப்பானால் அதில் பாதி போதும். முதல் சில மணி நேரம் தோல் மேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும், பயப்பட வேண்டாம். அந்தத் தண்ணீரில் உப்பு கரைந்து மெல்ல உள்ளே திரும்பிப் போகும். வியாழன் காலை பார்த்தால் தோல் பழைய காகிதம் மாதிரி இறுகிக் காய்ந்திருக்கும். அப்படிக் காய்ந்த தோல்தான் சுட்ட பிறகு மொறுமொறுப்பாக வருகிறது. வாளியில் உப்புத் தண்ணீர் கலந்து ஊறவைக்கும் முறையும் இருக்கிறது. எனக்கு அந்த வாளி ஞாபகமே வேண்டாம்.

ஒன்று மறக்காதீர்கள்: வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். மலிவாகக் கிடைக்கும் உறைந்த வான்கோழிகள் பலவற்றில் ஏற்கெனவே உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். அதற்கு மேல் நாமும் உப்பு போட்டால் கருவாடுதான்.

மசாலா விஷயத்தில் நம் ஆட்களிடம் தோற்றுவிட்டேன். ஒரு நண்பர் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு என்று தந்தூரி மாதிரி பூசச் சொன்னார். ஒரு கோடையில் முழுக் கோழியில் பழகிப் பார்த்தேன். தயிர் ஈரத்தில் தோல் ரப்பராக இழுக்கிறது, பூண்டு கருகிக் கசக்கிறது, மிளகாய்த்தூள் கறுத்துப்போகிறது. துண்டு போட்ட கறி பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், அதற்கு அந்த மசாலா சரி. இரண்டரை மணி நேரம் அடுப்பில் கிடக்கும் பறவைக்கு ஒத்துவராது. இப்போது மேலே வெறும் உப்பு, மிளகு, நெய். மசாலா எல்லாம் தோலுக்கு அடியில். வெண்ணெய் வேண்டாம், நெய்தான். வெண்ணெயில் இருக்கும் பால் திப்பி கரிந்து தோலில் கறுப்புப் புள்ளி விழும். நெய் காய்ச்சும்போதே அந்தத் திப்பியை நாம் வடித்துவிட்டோமே.

சரி, தீக்கு வருவோம். கரித்துண்டு அடுக்கும் சிம்னி என்று ஒன்று விற்கிறார்கள், தகரக் குழாய், கைப்பிடி போட்டது. மேலே கரியை நிரப்பி, அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் இருபது நிமிடத்தில் எல்லாக் கரியும் ஓரத்தில் சாம்பல் பூத்துச் சிவந்துவிடும். மண்ணெண்ணெய் மாதிரி ஊற்றிப் பற்றவைக்கும் திரவத்தைத் தயவுசெய்து வாங்காதீர்கள், கறி பெட்ரோல் பங்க் வாசனை அடிக்கும். சிவந்த கரியை அடுப்பின் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கு இருபத்தைந்து வீதம் கொட்டி, நடுவில் அலுமினியத் தட்டு வைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதற்கு மேலே வான்கோழி. நேரே கீழே நெருப்பு இருக்கக் கூடாது. கொழுப்பு சொட்டினால் தட்டில் விழ வேண்டும், கரியில் விழுந்தால் பற்றிக்கொண்டு எரியும். மணிக்கு ஒருமுறை பக்கத்துக்கு எட்டுக் கரி சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் அந்த வருடம் சரியாகவே செய்தேன். ஆனாலும் ஒன்றரை மணி நேரத்தில் அதே கதை. சூடு 325 டிகிரியிலிருந்து 280, 260 என்று இறங்குகிறது. ஃபாரன்ஹீட் கணக்கு. கரியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அத்தை ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காலில் மகனுடைய பனிக்கால பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். மூடியைத் திறக்கவில்லை. குனிந்து அடியைப் பார்த்தார்கள்.

"கரியப் போட்டுக்கிட்டே இருக்கியே, சாம்பலத் தள்ளினியா? அடியில அடைச்சிருக்கு பாரு. காத்து எதுவழியா போகும்?"

அடியில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. இரண்டு பக்கமும் நாலைந்து தடவை ஆட்டினால் உள்ளே மூன்று தகடுகள் சுற்றி, சாம்பலைத் துளை வழியாகக் கீழே உள்ள கிண்ணத்தில் தள்ளும். கையேட்டில் படம் போட்டே காட்டியிருக்கிறான். காற்றைக் கூட்டிக் குறைக்கத்தான் அது என்று நினைத்து, நான் திறந்த நிலையில் வைத்ததோடு சரி. ஆட்டியதும் பொலபொலவென்று ஒரு படி சாம்பல் கொட்டியது. பத்து நிமிடத்தில் முள் 340க்கு வந்து நின்றது. போன வருடம் நான் கரிக்கு மேல் கரி போட்டு, சாம்பலுக்கு மேல் சாம்பல் சேர்த்து, அடுப்பின் கழுத்தை நானே நெரித்திருக்கிறேன். வாழ்நாளில் பாதியை விறகடுப்பு முன்னால் கழித்தவர்களுக்கு இது ஒரு பார்வை.

அதனால் கற்றது: மேல்துளை எப்போதும் முழுக்கத் திறந்திருக்கட்டும், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த்துளையில். முக்கால் மணிக்கு ஒருமுறை நெம்புகோலை ஆட்டுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்த்துவைத்த சூடு முழுக்கப் போய், மறுபடி ஏறப் பத்து நிமிடம் பிடிக்கும். விருந்தாளிகள் பீர் டம்ளரோடு வந்து "எப்படி இருக்கு, பாக்கலாமா?" என்று கைப்பிடியில் கை வைப்பார்கள். தட்டிவிடலாம், தப்பில்லை.

குறை என்று சொன்னேனே, இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்று, மூடியில் பதித்திருக்கும் வெப்பமானி. அது மூடியின் உச்சியில் உள்ள காற்றை அளக்கிறது, வான்கோழி கிடக்கும் கம்பிக்கும் அதற்கும் சில சமயம் ஐம்பது டிகிரி வித்தியாசம். போக்கு தெரிந்துகொள்ள உதவும், நம்பி இறக்க முடியாது. இரண்டு, கம்பித் தட்டு. இரண்டு ஓரமும் கீல் வைத்துத் தூக்கும்படி இருக்கிற தட்டாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு வந்தது ஒரே வட்டமாக இருந்தது. கரி சேர்க்க வேண்டுமென்றால் பதின்மூன்று பவுண்டு வான்கோழியோடு தட்டையே இருவர் தூக்க வேண்டும், அதுவும் பூஜ்ஜியம் டிகிரி குளிரில், கையுறையோடு. அடுத்த மாதமே தனியாக முப்பது டாலர் கொடுத்துக் கீல் தட்டு வாங்கினேன். மூன்று, கால்கள். சக்கரம் இரண்டு, கால் ஒன்று, புல்தரையில் ஆடுகிறது. சிமெண்ட் தரையில் வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் ஒரு மதிப்பெண்.

காற்று பலமாக அடித்த அன்று அடுப்பை கராஜுக்குள் தள்ளிக் கதவைத் திறந்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். செய்யாதீர்கள். கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, கதவு திறந்திருந்தாலும் போதாது. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வெளியேதான் வைக்க வேண்டும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் வாங்குவதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள், பல இடங்களில் பால்கனியில் கரியடுப்புக்கு அனுமதி இல்லை.

அடுப்பைவிட முக்கியமான சாமான் கறிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி. நான் முதலில் வாங்கியது ஏதோ ஒரு மலிவு சாமான், ஒருநாள் பச்சைக் கறியிலேயே 150 காட்டியது. வாங்கியதும் சோதித்துப் பாருங்கள்: ஐஸ் நிறையப் போட்ட தண்ணீரில் 32 காட்ட வேண்டும், கொதிக்கிற தண்ணீரில் 212. வான்கோழி மார்பிலேயே குத்தி வைத்து விற்கிற பிளாஸ்டிக் குச்சி ஒன்று உண்டு, வெந்ததும் மேலே எழும்பும் என்பார்கள். என் அனுபவத்தில் அது எழும்பும் நேரத்துக்கு மார்புக்கறி பஞ்சாகியிருக்கும்.

கணக்கு இதுதான். வான்கோழி முழுக்க 165 டிகிரியைத் தொட வேண்டும், செல்சியஸில் 74. ஆனால் மார்பும் தொடையும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வராது. மார்பு 165 தாண்டினால் காய ஆரம்பிக்கும். தொடையில் தசைநார் அதிகம், 175 வரை போனால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். இங்கே கடைகளில் விற்பது அகன்ற மார்பு வெள்ளை என்ற இனம். மார்புக்கறிக்காகவே பெருக்கவைத்த பறவை, அந்த மார்பின் கனத்தால் அதனால் தானாக இணைசேரக்கூட முடியாது, செயற்கைக் கருவூட்டல்தான். எங்கள் ஊரில் தெருவில் குழந்தைகளைத் துரத்திக் கொத்தும் கறுப்பு வான்கோழியை நினைத்துக்கொண்டு இதை வாங்கக் கூடாது. அதைக் குழம்பு வைத்தால் மணிக்கணக்கில் கொதிக்கும், இது கண்ணசந்தால் காய்ந்துவிடும்.

அந்த வருடம் மார்பு 160 காட்டியதும் எடுத்துவிட்டேன். அரை மணி நேரம் தட்டில் இருந்தபோது உள்சூட்டிலேயே 166க்கு ஏறியது. ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கத்தியை எடுத்தேன். வெட்டியதும் அடுத்த கலவரம். தோலுக்கு அடியில் ஒரு விரல் கனத்துக்குக் கறி ரோஸ் நிறம்.

"ஏம்மா, இது வேகல" என்று அத்தை தட்டைத் தள்ளினார்கள். அவர்கள் தள்ளியதும் மற்ற நாலு குடும்பமும் தள்ளியது.

புகையில் சுட்ட கறி அப்படித்தான் இருக்கும். கரியும் மரமும் எரியும்போது வரும் வாயுக்கள் கறியில் உள்ள சிவப்புப் புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்க வைத்துவிடும், எவ்வளவு வெந்தாலும் போகாது. பக்கத்து வீட்டுத் தாத்தா ஆங்கிலத்தில் விளக்கினார், வீட்டுக்காரர் மொழிபெயர்த்தார், அத்தை நம்பவில்லை. கடைசியில் தொடையில் வெப்பமானியைக் குத்தி 174 என்று காட்டிய பிறகு, ஒரு சின்னத் துண்டை எடுத்து வாயில் போட்டார்கள். அப்புறம் இன்னொரு துண்டு. அப்புறம் இறக்கை இரண்டும் யாருக்கும் கிடைக்கவில்லை.

மரம் பற்றி ஒரு வரி: மிஷிகனில் செர்ரித் தோப்புகளுக்குப் பஞ்சமில்லை, செர்ரி மரக்கட்டை சுலபமாகக் கிடைக்கிறது. கைமுட்டி அளவில் இரண்டு துண்டு, ஆரம்பத்திலேயே கரிமேல் வையுங்கள், போதும். ஐந்தாறு துண்டு போட்டால் வேட்டி துவைத்த சவுக்காரம் மாதிரி நாக்கில் கசப்பு நிற்கும்.

2025ல்தான் முதுகெலும்பை வெட்டினேன். இதைச் செய்ய இரண்டு வருடம் தயங்கியது வெறும் அழகுக்காக. தேங்க்ஸ்கிவிங் மேசையில் வான்கோழி காலை மடக்கிக் கும்மென்று உட்கார்ந்திருக்க வேண்டும், எல்லாரும் போட்டோ எடுக்க வேண்டும். முதுகெலும்பை எடுத்துவிட்டு விரித்து வைத்தால், என் பையன் சொன்னபடி, லாரி ஏறின மாதிரி இருக்கும்.

செய்முறை: வான்கோழியைக் குப்புறப் போடுங்கள். வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பின் ஒரு ஓரமாகச் சமையல் கத்தரியால் வெட்டிக்கொண்டே போங்கள். விலா எலும்பு ஒவ்வொன்றும் நறுக் நறுக்கென்று விடும், தொடை மூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் கத்தரி மாட்டும், அங்கே நெம்பாமல் அரை விரல் தள்ளி வெட்டினால் வழி கிடைக்கும். மறு ஓரமும் அதே போல. முதுகு முழுசாகக் கையோடு வரும், அதையும் கழுத்தையும் அப்போதே குக்கரில் மிளகு, வெங்காயம் போட்டு வைத்துவிடுங்கள், குழம்புக்கு அந்தச் சாறுதான் உயிர். தட்டில் சொட்டிய கொழுப்பு புகைக் கசப்பாக இருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது. இப்போது வான்கோழியை மல்லாத்தி, இரண்டு உள்ளங்கையையும் மார்பு நடுவில் வைத்து, உடல் எடையை முழுக்கக் கொடுத்து அழுத்துங்கள். ஒரு முறைக்கு ஒன்றும் ஆகாது. இரண்டாவது முறை நாற்காலி மேல் ஏறி நின்று அழுத்தினேன். "டொக்" என்று ஒரு சத்தம், மொத்தமும் புத்தகம் மாதிரி விரிந்து படுத்துவிட்டது. ஹாலில் இருந்து வீட்டுக்காரர் "என்ன உடைஞ்சுது?" என்று கத்தினார்.

இதில் லாபம் இரண்டு. தட்டையாகிவிட்டதால் மூடி இடிக்காது. கரி முழுவதையும் ஒரு பக்கமாகக் கொட்டி, கால் இரண்டும் நெருப்பைப் பார்க்க, மார்பு தள்ளி இருக்கும்படி வைக்கலாம். தொடைக்கு அதிகச் சூடு, மார்புக்குக் குறைவு, இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும். முழுசாக வைத்தபோது இரண்டு மணி ஐம்பது நிமிடம் எடுத்த அதே 13 பவுண்டு, விரித்து வைத்ததும் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நடுவில் ஒரே ஒரு முறைதான் கரி சேர்த்தேன். தோல் முழுவதும் மேல்பக்கம் இருப்பதால் ஒரு இடம் விடாமல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. போட்டோ? வெட்டி அடுக்கிய பிறகு எடுத்தோம். ஒருத்தரும் கேட்கவில்லை.

வேறு வழிகளையும் கேட்பீர்கள். எண்ணெய்க் கொப்பரையில் முழுசாகப் பொரிப்பதை நண்பர் வீட்டில் பார்த்தேன், ருசி பிரமாதம், ஆனால் சரியாக இளகாத வான்கோழியை அதில் இறக்கினால் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும். 2023ல் நான் இருந்த நிலையில் வீடே போயிருக்கும். கேஸ் கிரில் சுலபம், குமிழைத் திருகினால் போதும், ஆனால் புகை வாசனை வராது. கடையில் புகைபோட்டு ரெடியாக விற்பதை ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கினோம், விலை நம் செலவைப் போல மூன்று மடங்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முடிந்ததும் மேல்துளை, கீழ்த்துளை இரண்டையும் மூடிவிட்டால் நெருப்பு தானாக அணைந்துவிடும். மிச்சக் கரியை அடுத்த முறை சிம்னியில் புதுக் கரியோடு சேர்த்துக்கொள்ளலாம். சாம்பலை மட்டும் அன்றைக்கே கொட்டக் கூடாது, கங்கு உள்ளே ஒளிந்திருக்கும். முழுக்க ஆறிய பிறகு, அதுவும் இரும்பு வாளியில்தான். மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாலு நாள் தாங்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எலும்புச் சாறில் மிளகு ரசம், சனிக்கிழமை பிரியாணி. புகை ஏறிய வான்கோழியில் பிரியாணி செய்தால் கரம் மசாலாவைப் பாதியாகக் குறையுங்கள், இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும்.

மொத்தச் செலவு: அடுப்பு, கீல் தட்டு, இருபது டாலர் சிம்னி, முப்பது டாலர் வெப்பமானி. கோடையில் வாரம் ஒரு முறை மீனோ கத்தரிக்காயோ சுடுகிறோம், அதனால் வருடத்துக்கு ஒரு வான்கோழிக்காக மட்டும் இவ்வளவா என்ற கேள்வி எங்களுக்கு இல்லை. உங்களுக்கு இருந்தால் வாங்க வேண்டாம், விரித்துவைத்த வான்கோழி அவனிலும் ஒன்றரை மணி நேரத்தில் நன்றாகவே வரும்.

போன நவம்பரில் காலை பத்து மணிக்குச் சிம்னியைப் பற்றவைத்துவிட்டு அத்தைக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே ராத்திரி எட்டரை. சாம்பல் தள்ளினியா என்றுதான் முதல் கேள்வி. தள்ளிவிட்டேன் என்றதும், இருபது டாலர் கொடுத்தியே, இங்க பாரு என்று போனைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனார்கள். பழைய கடலை எண்ணெய் டின், மேல்மூடியும் அடியும் வெட்டியது, பக்கத்தில் ஆணியடித்த ஓட்டைகள், நடுவில் குறுக்காக இரண்டு கம்பி. உள்ளே கொட்டாங்குச்சி சிவந்து எரிந்துகொண்டிருந்தது. மேலே கருவாடு.